பட்டியல் திறப்பு: தினமும் காலை பத்தரை மணி

மிக்கேல்துறையில் சுனாமிக்காரர்களுக்கென்று நூற்றெட்டு வீடுகள் கட்டி, சுண்ணாம்பு அடித்து, கதவுக்குக் கதவு நம்பரும் எழுதியாயிற்று. கதவும் ஜன்னலும் ஒழுங்காகத் திறந்து மூடின. குழாயைத் திறந்தால் தண்ணீர்கூட வந்தது. அரசாங்கக் கட்டடத்தில் அது லேசுப்பட்ட காரியமா? திறக்காதது ஒன்றே ஒன்றுதான். எந்த வீடு யாருக்கு என்று எழுதிய பட்டியல், தக்கலையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த கடலோர மறுகுடியமர்வுத் தனிப்பிரிவின் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அந்த ஃபைல் திறக்கவில்லை. அதனால் நூற்றெட்டு வீட்டையும் பூட்டிவிட்டார்கள்.

எந்த வீடு யாருக்கு என்பது ஊரில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். பள்ளிக்கூட மைதானத்தில் பட்டப்பகலில் குலுக்கிப் போட்டு, மைக்கில் பெயர் வாசித்துக் கொடுத்ததுதானே. ததேயுஸுக்கு விழுந்தது நாற்பத்து மூன்று. கிழக்குப் பார்த்த வாசல், இரண்டு அறை, ஒரு அடுக்களை. பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டை அவர் மனைவி வியாகுலம்மாள் ஒருநாள் விடாமல் போய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வருவாள். எதை எங்கே வைப்பது என்றெல்லாம் முடிவு செய்து வைத்திருந்தாள். வைக்கச் சாமான்தான் அதிகம் இல்லை.

ததேயுஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. வள்ளத்தில் போய் மீன் பிடிக்கிறவர். சுனாமி வீட்டைக் கொண்டுபோன பிறகு, தார்த்தாள் வேய்ந்த ஒரு ஷெட்டைக் கொடுத்து, மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இப்போது இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. வெயில் காலத்தில் உள்ளே இருந்தால் ஆள் வெந்துபோவான். மழை பெய்தால் உள்ளே நிற்பதும் வெளியே நிற்பதும் ஒன்றுதான். அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2007 மார்ச்சில் மகள் ரெஜிஷாவுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும்தான் பொறுக்க முடியாமல் போயிற்று.

ஒரே மகள். புதுக்கடையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை பிரைட்டன் மஸ்கட்டில் இருக்கிறான். தலைப்பிரசவம் அம்மை வீட்டில் என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டிய முறையல்ல. ஏழாம் மாதம் பலகாரங்களோடு இருவரும் கூட்டிவரப் போனபோது மாப்பிள்ளையின் அம்மை குளோரி நல்ல மரியாதையாகவே பேசினாள்.

"மைனி, மொறைன்னா மொறதான். நான் மாட்டேன்னு சொல்லல. ஆனா பச்சப்பிள்ளைய எங்கன கெடத்துவிய? அந்தத் தாருக்குள்ளயா? வீட்டுச் சாவி கையில கிட்டட்டும். அன்னைக்கே நான் ஜீப்புல கொண்டு விடுதேன். அதுவரைக்கும் பிள்ள இஞ்ச நிக்கட்டும்."

அதில் ஒரு சொல்லைக்கூடத் தப்பு என்று சொல்ல முடியாது. அதனால்தான் ததேயுஸுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மறுநாளே தக்கலைக்கு பஸ் ஏறினார்.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. அலுவலகத்திலேயே ஏ.சி. உள்ள ஒரே அறை அதுதான். வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே மேசைமேல் ஜரிகை வைத்த துணியால் போர்த்தி, நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாகக் கம்ப்யூட்டர் வீற்றிருந்தது. சரியாகப் பத்தரைக்கு ஆபரேட்டர் வினோஜ் கை கழுவி வந்து துணியை எடுத்து நாலாக மடித்து வைத்தான். தன் அறையிலிருந்து தனி வட்டாட்சியர் பொன்னுலிங்கம் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ததேயுஸ் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். இன்னும் கொஞ்சம் நேராக நின்றார்.

வினோஜ் இரண்டு தடவை கிளிக் செய்தான். திரையில் ஒரு மணற்கடிகாரம் வந்தது. யாரும் மூச்சு விடவில்லை. பிறகு இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்தது.

"என்ன சொல்லுது?" என்றார் பொன்னுலிங்கம்.

"திறக்க முடியலைன்னு சொல்லுது சார்."

"காரணம் கேட்டியா?"

"அத அது சொல்ல மாட்டேங்குது சார்."

"சரி. பதிவு பண்ணு."

அதற்கென்று தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது: கோப்பு திறப்பு முயற்சிப் பதிவேடு. முயற்சி எண் அறுபத்தொன்று. நேரம், பத்து முப்பத்து மூன்று. முடிவு, திறக்கவில்லை. சாட்சி இருவர். ஒரு சாட்சி பியூன். மற்ற சாட்சி அன்று லீவு என்பதால் ததேயுஸைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வீடு கேட்டு வந்த மனிதர், வீடு யாருக்கு என்று தெரியவில்லை என்பதற்குச் சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

"சாரே, மொதல்ல பேப்பர்ல ஒரு பட்டியல் எழுதினாவளே. அது கெடக்குமே?" என்று மெதுவாகக் கேட்டார்.

பொன்னுலிங்கம் சுவரைக் காட்டினார். அங்கே சட்டம் போட்ட ஒரு போட்டோ. அலுவலகத்தின் பின்பக்கம் காகிதக் குவியல் எரிகிறது. பக்கத்தில் தீப்பெட்டியோடு பொன்னுலிங்கம் சிரிக்கிறார். அடியில் 'காகிதமில்லா அலுவலகத் தொடக்க விழா' என்று எழுதியிருந்தது.

"மாவட்டத்துலயே முதல்ல காகிதத்தை ஒழிச்சது நாமதான்" என்றார். "பழைய காலத்துல பட்டியல் இருந்தது, வெளிப்படைத்தன்மை கிடையாது. இப்போ முழு வெளிப்படைத்தன்மை வந்தாச்சு. பட்டியல்தான் கண்ணுக்குத் தெரியல. மனுஷன் மறந்துபோவான், கம்ப்யூட்டர் மறக்காது. உங்க பேரை அது ஞாபகம் வச்சிருக்கு. சொல்ல மாட்டேங்குது, அவ்வளவுதான். நீங்க போய் ஒரு மனு எழுதிட்டு வாங்க."

காகிதம் ஒழிந்த அலுவலகத்துக்கு ததேயுஸ் காகிதத்தில் மனு எழுதிக் கொடுத்தார். அது போதாது என்றார்கள். 'கோப்பில் எனது பெயர் உள்ளது' என்று ஒரு சான்று இணைக்க வேண்டுமாம். அந்தச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவர் பொன்னுலிங்கம். அவர் கோப்பைப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். கோப்பு திறக்காது. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்ததில் மார்ச்சு போயிற்று. கடலுக்குப் போகாத நாளெல்லாம் ததேயுஸ் தக்கலையில் இருந்தார். தக்கலையில் இருந்த நாளெல்லாம் அடுப்பில் கஞ்சி மட்டும்தான் வெந்தது. மனு மட்டும் பதினான்கு ஆயிற்று.

ஏப்ரலில் கோட்டாறிலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஞானதாசன் என்பவரைக் கூப்பிட்டார்கள். வயர், ஸ்குரூடிரைவர் எல்லாம் உள்ள பையோடு வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னபோது ஒருமாதிரி பார்த்துவிட்டுக் கழற்றினார். அரை மணி நேரம் தட்டிப் பார்த்தார்.

"ஃபைலு கெட்டுப்போச்சு சாரே. கரண்ட் போன நேரத்துல மெஷின ஆஃப் பண்ணியிருப்பிய. பரவாயில்ல. சி.டி.யில ஒரு காப்பி எடுத்து வச்சிருப்பிய இல்லியா? அதக் கொண்டு வாங்க, அஞ்சு நிமிஷ வேல."

ததேயுஸுக்கு அந்த இடத்திலேயே ஞானதாசன் காலில் விழலாம் போல இருந்தது. மாதாவே, இவ்வளவு லேசா!

இரும்பு பீரோவை இரண்டு பேர் இரண்டு சாவி போட்டுத் திறந்தார்கள். சிவப்புப் பட்டுத்துணியில் பொதிந்து சி.டி. வந்தது. நடு ஓட்டை வழியாகச் சிவப்பு நாடா கோத்து முடிச்சுப் போட்டிருந்தது. பளபளப்பான பக்கத்தில் வட்ட முத்திரை. அதன்மேல் பச்சை மையில் பொன்னுலிங்கத்தின் கையெழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே, நாடாவும் சேர்த்து, கனமான பிளாஸ்டிக்கில் லேமினேஷன் செய்திருந்தது.

ஞானதாசன் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இத யாரு சாரே செய்தது?"

"நான்தான்" என்றார் பொன்னுலிங்கம் பெருமையாக. "கடல்காத்து பட்டா அட்டை, பேப்பர் எல்லாம் கெட்டுப்போகும். ரேஷன் கார்டு, ஜாதி சர்டிபிகேட் எல்லாம் லேமினேட் பண்ணித்தானே வச்சிருக்கோம்? இது அதைவிட முக்கியமான ஆவணம் இல்லையா?"

"செரி. சீல எதுக்கு இந்தப் பக்கம் குத்தினிய? இஞ்சதானே எல்லாம் எழுதியிருக்கும்."

"அந்தப் பக்கத்துல கம்பெனி பேரு அச்சடிச்சிருந்தது. தனியார் கம்பெனி பேருக்கு மேல அரசாங்க முத்திரையைக் குத்தலாமா? இந்தப் பக்கம்தான் காலியா இருந்தது."

ஞானதாசன் லேமினேஷன் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். "லேமினேஷன நான் பையப் பைய உரிச்சிப் பாக்கட்டா? சீலத் தொடச்சா ஒருவேள வந்தாலும் வரும்."

"உரிக்கவா?" பொன்னுலிங்கம் சி.டி.யை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "முத்திரை போட்ட ஆவணத்தை உரிச்சா அது செல்லாது. செல்லாத பட்டியலைத் திறந்து என்ன செய்ய? இப்போ நம்ம கையில இருக்கிறது செல்லுபடியாகிற பட்டியல். திறக்காது. ஆனா செல்லும்."

ததேயுஸால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "சாரே, நாப்பத்திமூணு எனக்கதாக்கும். அன்னைக்கு மைக்குல வாசிச்சதே நீங்கதானே. ஒங்களுக்குத் தெரியாதா?"

"பொன்னுலிங்கத்துக்குத் தெரியும்" என்றார் பொன்னுலிங்கம், கொஞ்சமும் கோபப்படாமல். "தனி வட்டாட்சியருக்குத் தெரியாது."

ஞானதாசன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். படி இறங்கும்போது, "அண்ணே, பூட்ட ஒடச்சி உள்ள கேறிருங்க" என்று ததேயுஸின் காதில் சொன்னார். ததேயுஸ் அதை யோசிக்காமலா இருந்தார்? பூட்டை உடைத்தால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும் என்று ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. திறக்காத பட்டியலிலிருந்து பெயரை எப்படி நீக்குவார்கள் என்று கேட்கலாம். சேர்க்கத்தான் இவர்களுக்குப் பட்டியல் திறக்க வேண்டும், நீக்குவதற்கு வேண்டாம். அது ததேயுஸுக்குத் தெரிந்திருந்தது.

மே மாதம் 'கோப்பு திறவாமை ஆய்வுக் குழு' வந்தது. ஐந்து பேர், இரண்டு ஜீப். வினோஜ் ததேயுஸைத் தனியே கூப்பிட்டு, "குழு வந்தாச்சுன்னா முடிஞ்ச மாதிரிதாண்ணே. பத்தே நாளு" என்றான். அவன் நல்லவன். உண்மையிலேயே அப்படி நம்பித்தான் சொன்னான். ததேயுஸ் நேரே புதுக்கடைக்குப் போனார். ரெஜிஷாவுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியிருந்தது. முகம் வெளிறி, கால் வீங்கியிருந்தது. அப்பாவைக் கண்டதும் கண் நிறைந்துவிட்டது.

"சாவி கிட்டியா அண்ணே?" என்று கேட்டாள் குளோரி.

"கிட்டியாச்சு" என்றார் ததேயுஸ்.

வாழ்க்கையில் அவர் சொன்ன பெரிய பொய் அதுதான். பத்து நாளில் உண்மையாகிவிடும் என்று நினைத்துச் சொன்னார். குளோரி சந்தோஷமாக ரெஜிஷாவின் துணிமணிகளை எடுத்து வைத்தாள். ஷெட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு ரெஜிஷா, "அப்பா, எப்பம் வீட்டுக்குப் போவோம்?" என்றாள். "குழு வந்திருக்கு மக்களே" என்றார். வியாகுலம்மாள் பனைவிசிறியை எடுத்து மகளுக்கு வீச ஆரம்பித்தவள், அந்த மாதம் முழுக்கக் கீழே வைக்கவில்லை.

குழு ஒன்பது நாள் ஆராய்ந்தது. கீழே பேக்கரியில் பப்ஸ் சாப்பிட்டது. பத்தாம் நாள் அறிக்கையைப் பொன்னுலிங்கம் வாசித்துக் காட்டினார். மனுதாரர் என்ற முறையில் ததேயுஸும் கேட்க வேண்டியிருந்தது.

"கீழ்த்தளத்தில் உள்ள பேக்கரி அடுப்பின் வெப்பம் மேல்தளத்தைத் தாக்குவதே கோப்பு திறவாமைக்குக் காரணம் எனக் குழு கருதுகிறது. இத்தகைய வெக்கையில் இரண்டாண்டு காலம் வைத்திருந்தால் எப்பேர்ப்பட்ட இயந்திரமும் செயலிழக்கும். இவ்வாறு வைத்திருந்தது இரக்கமற்ற செயலாகும்." இந்த இடத்தில் பொன்னுலிங்கம் கர்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "எனவே, கணினியை உடனடியாகக் காங்கிரீட் கூரையுள்ள, காற்றோட்டமான, புதிய அரசுக் கட்டடம் ஒன்றில் குடியமர்த்தப் பரிந்துரைக்கப்படுகிறது. மிக்கேல்துறையில் நூற்றெட்டு வீடுகள் காலியாக உள்ளன. அவற்றுள் நாற்பத்து மூன்றாம் எண் வீடு தேர்வு செய்யப்படுகிறது."

ததேயுஸுக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது. "நாப்பத்திமூணா? அது ஏன் சாரே நாப்பத்திமூணு?"

"மத்த நூத்தியேழு வீட்டைப் பத்தியும் நம்மகிட்ட ஒரு தாளும் இல்லையே. நாப்பத்திமூணைப் பத்தி மட்டும்தான் பதினாலு மனு இருக்கு. ஆவணம் உள்ள வீட்டுக்குள்ளதான் அலுவலகம் போக முடியும்." பொன்னுலிங்கம் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "எல்லாம் உங்க விடாமுயற்சியால வந்தது."

ஜூன் முதல் வாரம் கம்ப்யூட்டர் மிக்கேல்துறைக்குக் குடிவந்தது. அலுவலக ஜீப்பில், முன் சீட்டில், வினோஜ் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். வாசலில் வாழை கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, அடுக்களையில் பால் காய்ச்சினார்கள். ஊரே போய் நின்றது. வியாகுலம்மாளும் போனாள். தான் அடுப்பு வைக்க நினைத்திருந்த மூலையிலேயே அவர்கள் அடுப்பை வைத்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பால் பொங்கியபோது எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கும் ஒரு தம்ளர் பால் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் போய் அழுதாள்.

"பயனாளிகளைத் தேடி அலுவலகம் வந்திருக்கிறது!" என்று பொன்னுலிங்கம் மைக்கில் முழங்கினார். "இந்தக் குடியிருப்பில் முதன்முதலாகக் குடியேறியிருப்பது யார்? பட்டியல்! உங்கள் பெயர்கள் எல்லாம் இன்று இந்த வீட்டுக்குள் பத்திரமாக வசிக்கின்றன. உங்கள் பெயர் வந்துவிட்டது என்றால் நீங்களும் வந்த மாதிரிதானே? மழையோ வெயிலோ இனி உங்கள் பெயர்மீது ஒரு சொட்டு விழாது என்று உறுதி கூறுகிறேன்."

அவர் சொன்னது போலவே நடந்தது. பெயர்மீது ஒரு சொட்டு விழவில்லை. மழை மூன்றாம் நாள் பிடித்தது. ரெஜிஷாவுக்கு அன்று வலி கண்டு, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பெண் குழந்தை. இரண்டரைக் கிலோ. நாலாம் நாள் ஷெட்டுக்குக் கூட்டி வந்தபோது தரையெல்லாம் கணுக்கால் தண்ணீர். கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்தி, மேலே வள்ளத்துத் தார்ப்பாயைக் கட்டி, அதற்குள் தாயையும் பிள்ளையையும் கிடத்தினார்கள். பிள்ளை ராத்திரியும் பகலும் இருமியது. அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க ததேயுஸுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் பிள்ளை புதுக்கடையில் உலர்ந்த இடத்தில் கிடந்திருக்கும்.

எட்டாம் நாள் மத்தியானம் குளோரி வந்தாள். தண்ணீருக்குள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, தார்ப்பாய்க்குள் எட்டிப் பார்த்தாள். நாலு வார்த்தை ஏசுவாள் என்று ததேயுஸ் எதிர்பார்த்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாவி கிட்டியாச்சுன்னு சொன்னியளே அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று மாதம் அம்மை வீட்டில் இருக்க வேண்டிய பிள்ளைக்காரியை எட்டாம் நாளில் மாமியாரோடு அனுப்புகிறார்கள் என்று அக்கம்பக்கத்து ஷெட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வியாகுலம்மாள் பிள்ளையின் துணிகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் மடித்துப் போட்டுக் கொடுத்தாள். பாதித் துணி ஈரம்.

சேற்றில் வண்டி இறங்காது. குளோரி வந்த ஜீப் புது வீடுகளுக்குப் பின்பக்கமாகச் சுற்றி, சிமெண்டு ரோட்டுக்கு வந்து ஏற்ற வேண்டும். எல்லோரும் அங்கே நடந்து போவதற்குள் மழை மறுபடியும் கொட்டியது. பிள்ளையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு ஓடிப் போய் ஒதுங்கியது நாற்பத்து மூன்றாம் நம்பர் வீட்டின் வாசல் கூரைக்குக் கீழேதான். ததேயுஸ் கதவைத் தட்டினார். வினோஜ் கொஞ்சமாகத் திறந்தான். உள்ளிருந்து ஏ.சி. காற்று ஜில்லென்று வந்தது.

"மக்கா, பிள்ளைய மட்டும் உள்ள ஒரு ஓரமா வச்சுக்கிடட்டா? ஜீப்பு வரது வரைக்கும்."

வினோஜ் பிள்ளையைப் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பிப் பார்த்தான். "அண்ணே, ஈரத்தோட ஆள் கேறப்படாதுன்னு சாரு ஆர்டரு போட்டிருக்காரு. மெஷினுக்கு ஆவாதாம். எனக்கு மனசு இல்லாமலா..." என்றான். உள்ளே போய், ஒரு நோட்டோடு திரும்பி வந்தான். "வாசல்ல வந்து நிக்கிறவங்களும் பார்வையாளர் கணக்குலதான் வரும்ணே. ஒண்ணு எழுதிருங்க. இல்லாட்டி எனக்கு மெமோ தருவாரு."

ததேயுஸின் கையெல்லாம் தண்ணீர். ரெஜிஷா பிள்ளையை அம்மையிடம் கொடுத்துவிட்டு நோட்டை வாங்கினாள். பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினாள். உடன் வந்தவர்கள் நாலு பேர் என்று எழுதிவிட்டு, பிள்ளையைப் பார்த்தாள். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் கணக்கில் சேர்த்துத்தான் எழுதியிருந்தாள். வந்த நோக்கம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, 'வீட்டைப் பார்க்க வந்தோம்' என்று எழுதினாள்.

ஜீப் வந்து ஹார்ன் அடித்தது. குளோரி பிள்ளையை வாங்கிக்கொண்டு முதலில் ஏறினாள்.

"போற நேரத்தையும் எழுதணும் அக்கா" என்றான் வினோஜ், தரையைப் பார்த்துக்கொண்டு.

உள்ளே வந்த நேரம் என்ற கட்டத்தை ரெஜிஷா காலியாக விட்டாள். அடுத்த கட்டத்தில், வெளியே போன நேரம் மூன்று நாற்பது என்று எழுதி, நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜீப்பில் ஏறினாள்.